பணி தீராத பாறை

கேரளக் கடற்கரையிலுள்ள விழிஞ்ஞத்தில், மீன்பிடித் துறைமுகத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு சிறு வளாகத்துக்குள், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று அறிஞர்கள் மதிப்பிடும் குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. கோயில் என்றதும் கோபுரத்தையும் பிராகாரத்தையும் மனத்தில் எழுப்பிக்கொண்டு வருகிறவர்கள் அதைக் கண்டு ஏமாற்றமடைவார்கள். ஏனெனில் பாறையைக் குடைந்த சிறியதோர் ஒற்றை அறையும், அதனுள்ளே தனிக்கல்லில் செய்து வைத்த வீணாதர தட்சிணாமூர்த்தியும், வெளிப்புறப் பாறை முகப்பில் ஒருபுறம் ஆடும் சிவனும் அருகே தேவியும், மறுபுறம் வில்லேந்திய சிவனுமாகத் தொடங்கி நிறுத்தப்பட்ட புடைப்புச் சிற்பங்களுமே அங்குள்ள யாவும். உடலின் வளைவும் கைகளின் வீச்சும் கல்லிலிருந்து வெளிப்பட்டுவிட்டன. முகத்தின் பாவமும் அணிகளின் நுட்பமும் வரவில்லை. உளி ஏதோ ஒரு நாள் நின்றது, பிறகு யாரும் அதைத் தொடரவில்லை. ஆய் வேளிரின் தலைநகராக இருந்த அவ்வூரைப் பாண்டியன் நெடுஞ்சடையன் தாக்கி அழித்ததைச் சீவரமங்கலச் செப்பேடு பெருமிதத்தோடு பேசுகிறது. பின்னர் சோழர் படையும் வந்தது. இவற்றுள் எதனோடு உளியின் ஓய்வைச் சேர்த்துப் பார்ப்பது என்னும் விசாரத்தைச் சரித்திரக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் சித்திரம் கற்பிப்பதை ஜீவனமாகக் கொண்ட எனக்கு அந்தச் சிற்பங்கள் முற்றுப்பெறாமல் நின்றதே பெரும் பாக்கியமாகத் தோன்றுகிறது.

எல்லைக்கு இப்புறமுள்ள குமரி மாவட்டக் கடற்கரைப் பள்ளியொன்றிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றபோது, அவர்களுள் ஒருவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "சாரே, இது பணி தீராம கெடக்குல்லா? இதக் காணதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திய?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நாம் காட்டியவை யாவும் பணி தீர்ந்தவை: பாடநூலில் அச்சான படம், நாட்காட்டியில் வந்த லக்ஷ்மி, போட்டியில் பரிசு பெற்றுச் சட்டமிட்டு மாட்டிய நீர்வண்ணக் காட்சி. எந்தப் படமும் எந்த வரிசையில் உண்டாயிற்று, எந்தக் கோடு முதலில் விழுந்தது, எது பின்னர் வந்து முன்னதைத் திருத்தியது என்பதை அவன் ஒருநாளும் கண்டதில்லை. முடிந்த பொருளை மட்டுமே காட்டி, அதைப்போல நீயும் செய் என்று சொல்வதையே நாம் சித்திர வகுப்பு என்று நெடுங்காலமாக அழைத்து வருகிறோம்; இந்த ஒரு பழக்கமே நம் பிள்ளைகளின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பன்னிரண்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பருவம் இந்தக் கல்வியில் மிகவும் நுட்பமானது. சிறு குழந்தைக்குத் தான் வரைந்ததே மெய். யானைக்கு ஐந்து கால் போட்டாலும் அது யானைதான். பதின்மூன்று வயதில் அந்த நிச்சயம் கலைகிறது. தான் வரைந்த கைக்கும் தன் கண்ணுக்கு முன்னாலுள்ள கைக்கும் உள்ள வேற்றுமை திடீரென்று தெரியத் தொடங்குகிறது. பார்வை வளர்ந்து கையை முந்திவிடுகிறது. விக்டர் லோவன்ஃபெல்ட் என்னும் ஆஸ்திரிய நாட்டுக் கல்வியாளர், அமெரிக்காவில் குடியேறிய பின் 1947-ல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளின் சித்திர வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுத்தபோது இந்த இடத்தைத் தனியே குறித்தார்: இங்கே பிள்ளை தன் படைப்பையே விமரிசிக்கத் தொடங்குகிறது, அந்த விமரிசனத்தைத் தாங்கும் ஆற்றல் கைக்கு இல்லாவிட்டால் வரைவதையே கைவிடுகிறது. மனிதர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் பதின்மூன்று வயதுக் கையோடு இருப்பதற்கு இதுவே காரணம். "எனக்கு வராது சாரே" என்று நோட்டைக் கையால் மறைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஞானம் குறையவில்லை; கூடியிருக்கிறது. அவள் கண்டுகொண்ட குறை உண்மையானது. அந்தக் குறைக்கும் முடிந்த படத்துக்கும் இடையே படிகள் இருக்கின்றன என்பது ஒன்றே அவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் படிகளைத்தான் பாறை காட்டுகிறது. நாங்கள் அன்று செய்தது அதிகமொன்றுமில்லை. ஆடும் உருவத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். நுட்பங்கள் மங்கி, உடலின் பெரிய திரட்சி மட்டும் தெரியும்படி. பாறைச் சிற்பி வேலை செய்யும் கிரமம் பொதுவாக இதுவே: முதலில் புறவரி, அதன் பிறகு உருவத்துக்கு வெளியேயுள்ள கல்லை வெட்டி உள்ளே தள்ளுதல், அதன் பிறகு மார்பு, இடுப்பு, தொடை ஆகிய பெரும் பாகங்களின் உருட்சி, கண்ணும் விரலும் மணியாரமும் எல்லாவற்றுக்கும் கடைசி. நம் பிள்ளைகளோ இதற்கு நேர் எதிராகச் செய்வார்கள். முகம் வரையச் சொன்னால் இமைமயிரில் தொடங்குவார்கள். படகு வரையச் சொன்னால் அதன் பெயர்ப் பலகையில் தொடங்குவார்கள். தாளின் பாதிக்கு வருமுன்னே இடமும் போதாது, பொறுமையும் போதாது. முதலில் பெரியது, பிறகு சிறியது என்னும் விதியை நான் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன், பயனில்லை. அந்த முகமில்லாத நர்த்தனத்தைப் பார்த்ததும், முகம் இல்லாமலே அது ஆடுகிறது என்பதைப் பிள்ளைகள் தாமே சொன்னார்கள். ஆட்டம் இடுப்பின் சாய்விலும் முழங்காலின் மடிப்பிலும் இருக்கிறதேயன்றிக் கண்ணில் இல்லை என்பதைப் பிரத்தியக்ஷமாகக் கண்ட பிறகு, இமைமயிரிலிருந்து தொடங்க யாருக்குத்தான் மனம் வரும்?

மாமல்லபுரத்திலும் இத்தகைய பாடங்கள் ஏராளம். கட்டம் கட்டமாகக் கோடிழுத்து, கட்டங்களுக்கு நடுவே குழித்து, மேடுகளைத் தட்டியெறிந்து பாறையைக் குடைந்த முறை அங்கே முற்றுப்பெறாத குகைகளின் சுவரில் இன்றும் அப்படியே நிற்கிறது. ஆனால் அங்கே முற்றுப்பெற்றவற்றின் மகிமை கண்ணைப் பறித்துவிடுகிறது. விழிஞ்ஞத்தில் கவனத்தைத் திருப்ப வேறொன்றும் இல்லை. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் சாலை என்னும் கல்வி நிலையமொன்று நிறுவி, அதில் சட்டர் எனப்பட்ட மாணவர்கள் தொண்ணூற்றைந்து பேர் தங்கிக் கற்பதற்கு விதிகள் வகுத்ததைச் செப்பேடு விரிவாகச் சொல்கிறது. அதே வம்சத்தின் மண்ணில் கல்லோடு பழகியவர்களின் கல்விக்கு இந்தப் பாறையைத் தவிர வேறு சாசனம் இல்லை. நான் அதை ஒரு பாடநூலாகவே வாசிக்கிறேன்.

செய்யும் முறையை மறைப்பதும் காட்டுவதும் ஒரு மாணவனின் விதியை எவ்வாறு மாற்றும் என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே பிரசித்தமான திருஷ்டாந்தம் உண்டு. 1848-ல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, தம் மாமன் ராஜராஜவர்மாவின் கைப்பிடியில் தலைநகருக்கு வந்தபோது அவருக்கு வயது பதினான்கு. இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. மாமன் தஞ்சாவூர்ச் சம்பிரதாயத்தில் தேர்ந்தவர்; நீர்வண்ணம் வரை அவர் கற்பித்தார். தைலவண்ணம் அப்போது புதிய வித்தை. அரண்மனையில் அதை அறிந்தவர் மதுரையிலிருந்து வந்த ராமசாமி நாயக்கர். அவர் அந்தப் பையனுக்குக் கற்பிக்க மறுத்தார். அவரைக் குறை கூறுவது எளிது. ஆயினும் வண்ணத்தை எண்ணெயில் குழைக்கும் இரகசியமே ஒருவருடைய சோறாக இருந்த காலத்தில், அரச உறவுள்ள பிள்ளையிடம் அதைக் கொடுத்துவிட்டு அவர் எங்கே போவார்? பின்னர் 1868-ல் தியடோர் ஜென்ஸன் என்னும் ஐரோப்பியச் சித்திரக்காரர் அரச குடும்பத்தாரின் உருவங்களை எழுத வந்தார். அவரும் கற்பிக்கச் சம்மதிக்கவில்லை. ஆனால் மகாராஜா ஆயில்யம் திருநாளின் விருப்பத்துக்கு இணங்கித் தாம் எழுதும்போது அருகில் நின்று பார்க்க அநுமதித்தார்.

அந்த அநுமதியின் மதிப்பை நாம் சரியாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. முடிந்த ஐரோப்பியச் சித்திரங்களின் அச்சுப் பிரதிகளை ரவிவர்மா அதற்கு முன்னரே அரண்மனைப் புத்தகங்களில் பார்த்திருந்தார். பார்த்தும் அவற்றின் உள்வழி திறக்கவில்லை. ஜென்ஸனின் அருகில் நின்றபோதுதான் வெறுந்துணி படிப்படியாக முகமாகும் கிரமத்தை அவர் கண்ணால் பின்தொடர்ந்தார். இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். நாயக்கரின் சீடராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர், தம் ஆசானுக்குத் தெரியாமல் இரவு நேரங்களில் ரவிவர்மாவிடம் வந்து, தாம் அறிந்த தைலவண்ண நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார் என்று வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ரவிவர்மா 1873-ல் சென்னையிலும் வியன்னாவிலும் பரிசு பெற்றார்; அவர் புகழை உலகம் அறிந்தது. ஆறுமுகம் பிள்ளைக்கு ஒரு படமும் இல்லை, ஒரு சிலையும் இல்லை. சித்திர ஆசிரியர்களாகிய நாங்கள் யாரையேனும் குலகுருவாகக் கொண்டாட வேண்டுமானால், அரண்மனைச் சித்திரக்காரர்கள் வரிசையில் நான் அவரையே தேர்ந்தெடுப்பேன்.

இதிலுள்ள துயரம் என்னவென்றால், அப்படிக் களவாகவும் அருகில் நின்று பார்த்தும் கற்ற ரவிவர்மாவின் சித்திரங்களே, 1894-ல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழியாக வீடுதோறும் சென்று, பிற்காலத்துப் பிள்ளைகளுக்குப் பார்த்து வரையும் மாதிரிகளாயின. ஓலியோகிராப் அச்சின் வழவழப்பில் தூரிகையின் நடை தெரியாது; எங்கே தயங்கினார், எங்கே மாற்றினார் என்பதற்குச் சுவடே இராது. அதைப் பார்த்து எழுதும் பிள்ளை உருவத்தின் தோலை மட்டும் எழுதுகிறது. அச்சு வந்ததன்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. ஏழை வீட்டுச் சுவருக்கும் ஒரு சித்திரம் கிடைத்தது பெரிய காரியம். பள்ளிக்கூடம் அதைப் பாடநூலாக்கியதே தவறு. இந்தத் தவறுக்குப் பூர்விகமும் உண்டு. அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற வைத்தியர் 1850-ல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி முதலாக, நம் நாட்டில் ஏற்பட்ட சித்திரக் கல்வியில், லண்டன் சவுத் கென்ஸிங்டனில் வகுத்த முறையே நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது: தட்டையான மாதிரிப் படத்தைப் பார்த்து எழுது, பிறகு சுதை வார்ப்பைப் பார்த்து எழுது, கை சுத்தமாகட்டும். தொழிலாளியின் கையைப் பழக்குவதற்கு அது உதவியிருக்கலாம். கண்ணைப் பழக்கும் எண்ணம் அதில் மிகக் குறைவு.

எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கோ கண்ணின் பழக்கம் குலதனமாகவே வந்திருக்கிறது. கரையைவிட்டு வெகுதூரம் போன கட்டுமரக்காரர், கடலுக்கடியில் மீன் கூடும் பார் எங்கே இருக்கிறதென்று எப்படி அறிந்தார்? கரையிலுள்ள ஒரு தேவாலயக் கோபுரத்தை அதன் பின்னாலுள்ள மலைமுடியோடு பொருத்திப் பார்ப்பார். வேறு திசையில் ஒரு தென்னந்தோப்பின் நுனியை இன்னொரு குன்றோடு பொருத்துவார். இரண்டு பொருத்தங்களும் ஒருங்கே கூடும் இடத்தில் கல்லை இறக்குவார். படகு சற்றே நகர்ந்தாலும் கோபுரம் மலையைவிட்டு விலகும். கிட்டத்தில் உள்ளது எட்டத்தில் உள்ளதை மறைக்கிறது. நாம் நகர்ந்தால் கிட்டத்தில் உள்ளது அதிகமாகவும் எட்டத்தில் உள்ளது குறைவாகவும் நகர்வதாகத் தோன்றுகிறது. தட்டையான தாளில் ஆழத்தை உண்டாக்கும் சாஸ்திரத்துக்கு இதுவே அரிச்சுவடி. அந்தத் தகப்பனின் மகன் பள்ளியில் தாளை விரித்ததும், மலைகளை ஒருபுறம், தென்னையை ஒருபுறம், கோபுரத்தை ஒருபுறம் என்று எதுவும் எதன்மேலும் படாமல் வரிசையாக நிறுத்துகிறான். ஒன்றை மறைத்து ஒன்று வரைந்தால் மறைந்த பாதிக்கு மதிப்பெண் போய்விடுமென்ற பயம் போலும். "உங்கப்பா பார் காணுகது எப்பிடின்னு கேட்டு வா" என்று அனுப்பிவைத்த மறுவாரம் அந்தப் பையன் கொண்டுவந்த படத்தில், கோபுரத்தின் இடத்தோளில் மலை ஏறி நின்றது. படம் அழகாக இருந்ததென்று சொல்ல மாட்டேன். அதில் தூரம் இருந்தது.

கோவளத்துக் கடற்கரையின் தென்முனையில் 1972-ல் ஒளியேற்றிய கலங்கரை விளக்கம் இன்னொரு பாடசாலை. கடலும் வானும் கூடும் வரை எப்போதும் பார்க்கிறவன் கண்மட்டத்திலேயே இருக்கும் என்னும் விதியை, மேல்நாட்டுப் பாடநூல்களைப் பின்பற்றி இருப்புப்பாதையும் தந்திக்கம்பங்களும் வரைந்து விளக்குகிறோம். மணலில் உட்கார்ந்து ஒரு முறையும், எழுந்து நின்று ஒரு முறையும், விளக்கின் மேல்தட்டுக்கு ஏறி ஒரு முறையும் பார்க்கச் செய்தால் போதும்: கடல்வரையும் கூடவே ஏறி வரும். மணலில் நிற்பவனுக்குச் சுமார் நாலரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த வரை, 30 மீட்டர் உயரத்தில் நிற்பவனுக்குச் சுமார் 20 கிலோமீட்டருக்கு விலகிப்போகிறது. ஆனாலும் இரண்டு இடத்திலும் கண்ணுக்கு நேராகவே நிற்கிறது. கீழே நின்றபோது கடல்வரையை வெட்டி மேலே நீண்ட படகின் கொம்பு, மேலே ஏறியதும் கடல்வரைக்குக் கீழே இறங்கிவிடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியம் வந்தபின் சூத்திரம் சொன்னால் அது மறவாது.

விழிஞ்ஞத்தில் கப்பல் துறைமுகம் வந்தது இன்னொரு மாறுதல். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குப்பெட்டிக் கப்பல் அங்கே வந்து அணைந்தது. 2025 மே 2-ஆம் தேதி துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன்பொருட்டுக் கரைமக்கள் பட்ட இன்னல்களையும் எழுப்பிய குரலையும் பற்றி எழுத வேறு இடம் வேண்டும். சித்திர ஆசிரியனாக ஒன்று மட்டும் கவனித்தேன். வகுப்பறை மேசையில் காலிப் பெட்டியொன்றை வைத்து, இதன் மூன்று முகங்களை எழுது என்று நாம் வருந்திக் கற்பிக்கிற அதே விஷயம், இப்போது கப்பல்தட்டில் நூற்றுக்கணக்கான வண்ணப் பெட்டிகளாக அடுக்கிக் கிடக்கிறது. கப்பல் திரும்பத் திரும்ப அந்த முகங்கள் குறுகுவதையும் விரிவதையும் பிள்ளைகள் கரையிலிருந்தே காண்கிறார்கள். படகைவிடப் பெட்டி எளிது. படகின் விளிம்பு இரண்டு திசையில் வளைவது. அதை எழுதப் பெரியவர்களும் திணறுவார்கள். பிறந்தது முதல் தொட்டுப் பழகிய படகைக் கடற்கரைப் பிள்ளை பிறைச்சந்திரனாக வரைந்துவிடுவதற்குக் காரணம், அது படகை அறிந்திருப்பதே. அறிந்தது வந்து கண்டதை மூடிக்கொள்கிறது. ஆகவே பெட்டியில் தொடங்கிப் படகுக்கு வருவது நல்லது. பெரிய திரட்சி முதலில் என்னும் பாறையின் கிரமம் இங்கும் உதவுகிறது: படகை அடக்கக்கூடிய ஒரு நீண்ட பெட்டியை முதலில் எழுதி, அதற்குள்ளிருந்து படகைச் செதுக்கி எடுக்கலாம்.

சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ் நடத்திய கல்வியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே மாதிரிப் படத்துக்குப் பதிலாக மரமும் மாடும் சந்தாலர் வீடும் பாடமாயின. தம் மாணாக்கருக்கு அவர் கைப்படத் தீட்டி அனுப்பிய அஞ்சலட்டைகள் புகழ்பெற்றவை. சில கோடுகளில் ஓர் ஆடு, ஒரு மழைநாள். அந்த அட்டை கையில் கிடைத்த மாணவன் ஆசிரியரின் கை எந்த வழியாகப் போயிற்று என்பதைக் கோடு கோடாகத் தொடர்ந்து போகலாம். 1944-ல் அவரிடம் சென்று சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன் பிற்காலத்தில் பரோடாவில் எத்தனையோ பேருக்கு ஆசானானார். ஆற்றிங்கலில் பிறந்து திருவனந்தபுரத்தில் மலையாள இலக்கியம் படித்த ஏ. ராமச்சந்திரனும் அதே வழியில் சாந்திநிகேதனம் போனவர். இவ்வளவு அருகிலிருந்து அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது என்பதே நம் பள்ளிகளைப் பற்றிய ஒரு சாட்சியம்.

கேரளத்தில் 1957 முதல் நடந்துவரும் பள்ளிக் கலோத்சவத்தில் பென்சில், நீர்வண்ணம், தைலவண்ணம் என்று சித்திரத்துக்கும் இடம் இருக்கிறது. அந்த அளவில் அது போற்றத்தக்கது. நம் பக்கத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்குக் கீழ்நிலையும் மேல்நிலையும் உண்டு. சித்திர ஆசிரியர் பதவிக்கு அதுவும் ஒரு வாயில். இரண்டிலும் குறித்த நேரத்துக்குள் முடிந்த ஒரு படத்தைக் கொடுக்கவேண்டும். அதைத்தான் நடுவர் பார்ப்பார். அதனால் பயிற்சி என்பது ஒரு படத்தைத் தூக்கத்திலும் முடிக்கும்படி மனப்பாடம் செய்வதாகிவிடுகிறது. எந்தத் தலைப்பு வந்தாலும் மாற்றிப் பொருத்தத்தக்க தயாரான கடற்கரை, தயாரான சந்தை, தயாரான திருவிழா. நல்ல கை படைத்த பிள்ளைகளும் இதில் வீணாவதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

என் வகுப்பில் நான் கடைப்பிடிக்கும் ஏற்பாடு மிகச் சாதாரணமானது. நோட்டில் ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது. முதல் மூன்று மாதம் அழிரப்பர் இல்லை. நானும் கரும்பலகையில் அவர்கள் முன்னிலையில், அவர்கள் தந்த பொருளைப் பார்த்தே எழுதுவேன், முன்பே எழுதிவைத்த படத்தைக் கொண்டுவந்து காட்ட மாட்டேன். தவறாக விழுந்த கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டை எழுதுவேன், இரண்டும் இருக்கும். ஒரே படகை ஜூனில் ஒருமுறையும் நவம்பரில் ஒருமுறையும் எழுதச் செய்து, இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, எனக்கு வராது என்று நோட்டை மறைத்த பெண் தானே தன் முன்னேற்றத்தைக் கண்டுகொள்கிறாள். நான் புகழவேண்டிய அவசியமே இல்லை.

இதைத் தேர்வுக்கும் கொண்டுவருவதில் பெரிய தடையொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மேசைமேல் வைத்த ஒரே பொருளை மூன்று தாள்களில் மூன்று நிலைகளில் எழுதச் சொல்லலாம்: முதலில் புறவரியும் பெருந்திரட்சியும் மட்டும், இரண்டாவதில் ஒளியும் நிழலும், மூன்றாவதில் நேரம் அநுமதிக்கிற அளவு நுட்பங்கள். மூன்றாவது தாள் பாதியில் நின்றாலும் முதலிரண்டுக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று விதி செய்துவிட்டால், மனப்பாடத்துக்கு இடமில்லை. பிள்ளை பொருளைப் பார்த்தே தீரவேண்டும். கண்காணிப்பாளர் ஒரு மாணவனுக்கு ஒரு தாளுக்குப் பதிலாக மூன்று தாளில் முத்திரையிட வேண்டியிருக்கும். அதற்குமேல் அரசாங்கத்துக்குச் செலவு ஒன்றுமில்லை.